கேட்டை நட்சத்திரத்துக் கேப்டன்

கலிஃபோர்னியாத் தமிழர்களிலேயே ஐஸ் ஹாக்கிக்காக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் நாயம் அண்ணாதான். இதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். டாக்டரம்மா திருச்சிக்காரர். "வீட்ல ஏதாவது பிரச்சனையா, ஆபீஸ்ல டென்ஷனா?" என்று அக்கறையாகத்தான் கேட்டிருக்கிறார். "அதெல்லாம் இல்லீங் டாக்டர். நேத்து மூணாவது பீரியட்ல நம்ம தம்பிக்கு அநியாயமா பெனால்டி குடுத்துட்டானுங்க" என்று இவர் எழுந்து நின்று ஆரம்பிக்க, அந்தம்மா உடனே டோஸைக் கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

அவருடைய நிஜப் பெயர் கழுத்தில் தொங்கும் ஆபீஸ் அட்டையில் இருந்தது. அங்கேயே இருந்துவிட்டது, யாரும் அதை எடுத்துப் பயன்படுத்தவில்லை. காங்கேயம் பக்கத்துக்காரர். வாயைத் திறந்தால் "இது நாயமுங்களா?" என்பார். சான்டா கிளாராவில் காலண்டர் மென்பொருள் செய்யும் எங்கள் கம்பெனியில் அவர் டீம் லீட், நான் டெஸ்டர். மீட்டிங் ரூமை நாம் இரண்டு மணிக்கு புக் பண்ணியிருக்க, உள்ளே இருப்பவர்கள் இரண்டு ஐந்துக்கும் வெளியே வரவில்லை என்று வையுங்கள். நீங்களும் நானும் என்ன செய்வோம்? பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம். நாயம் அண்ணா கதவைத் திறந்து, உள்ளே கம்பெனியின் வைஸ் பிரசிடெண்டே இருந்தாலும், கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுவார். வாயால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அந்த வைஸ் பிரசிடெண்ட் லேப்டாப் வயரை இழுத்துக்கொண்டு ஓடியதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட மனிதரை ஹாக்கி மேட்சுக்குக் கூட்டிக்கொண்டு போனது யார் தப்பு? ஆபீஸ் தப்பு. பதினேழு வருடம் முன்னால், டீம் அவுட்டிங் என்று எங்கள் எல்லோரையும் உள்ளூர் அணியின் மேட்சுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். "ஐஸ்னு சொன்னாங்களே" என்று நாயம் அண்ணா ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா சகிதம் வந்திருந்தார். வெளியே அக்டோபர் வெயில் மண்டையைப் பிளக்கிறது. என் கெட்ட நேரம், பக்கத்து சீட் எனக்கு.

விளையாட்டு எனக்குப் புரியவில்லை. கறுப்பாக ஒரு ரப்பர் வட்டு, அதைப் பத்து பேர் கோலால் துரத்துகிறார்கள் என்றார்கள். அந்த வட்டு எங்கே போகிறது என்று அன்றும் என் கண்ணில் படவில்லை, இன்றும் படுவதில்லை. திடீரென்று ஒரு கைகலப்பு. எங்கள் அணியின் தடியன் ஒருவன் எதிராளியைப் போட்டுப் புரட்டிவிட்டான். ரெஃப்ரி என்ன பண்ணினான் தெரியுமா? பக்கத்தில் சும்மா நின்றிருந்த பத்தொன்பது வயதுப் பையனைப் பிடித்து, தண்டனைக் கூண்டுக்குள் இரண்டு நிமிடம் உட்கார அனுப்பிவிட்டான். அந்தப் பையனும், "நான் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லாமல், போய்க் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டான்.

குரங்குக் குல்லா எழுந்து நின்றது. "ஏனுங்க! அடிச்சவன் அங்க நிக்கறானுங்க! இந்தப் பையன் என்னுங்க பண்ணுனான்?" அரங்கமே திரும்பிப் பார்த்தது. அவர் என் பக்கம் திரும்பி, "ஏனுங் அம்மிணி, இந்த நாட்டுல கேக்கறதுக்கு ஆளே இல்லீங்களா?" என்று என்னமோ நான்தான் ஜனாதிபதி மாதிரி கத்தினார்.

அன்று பிடித்த பைத்தியம். அந்தப் பையன் பெயர் வெஸ்லி. கனடாவில் கோதுமை விளையும் ஏதோ ஒரு சின்ன ஊர், அப்பா விவசாயி. இதைக் கண்டுபிடித்த அன்று நாயம் அண்ணா ஆபீஸில் எல்லோர் மேஜைக்கும் வந்து, "குடியானவங்க வீட்டுப் பையனுங்க, அதான் எதுத்துப் பேசலை" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவன் வெஸ்லி இல்லை, "நம்ம தம்பி". தம்பி ஆறடி நான்கங்குலம். தாடி வளர்ந்தது. முன்பல் மூன்று போனது. ஓட்டைப் பல்லோடு டிவியில் அவன் சிரித்தால் என் குழந்தை வீறிட்டு அழும். நாயம் அண்ணாவோ, "பாருங்க, பால் வடியற மூஞ்சி" என்பார்.

இருபத்தைந்து வயதில் தம்பியைக் கேப்டன் ஆக்கினார்கள். சட்டையின் இடது மார்பில் C என்று ஓர் எழுத்து தைத்துக் கொடுப்பார்கள். அவ்வளவுதானே என்று நான் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. "அவ்வளவுதானேவா? அம்மிணி, ரூலைப் படிச்சீங்களா? ஐஸ் மேல ரெஃப்ரி தப்பு பண்ணுனா மத்தவன் எவனும் வாயத் தொறக்கப்படாது. அந்த எழுத்து இருக்கறவன்தான் போயி நாயம் கேக்கலாம். அதுக்குன்னே ஒரு ஆளைப் போட்டு வச்சிருக்கானுங்க! நம்ம ஆபீஸ்ல இருக்குதா? நம்ம கவர்மெண்டுல இருக்குதா?" உலகத்திலேயே தனக்குப் பொருத்தமான உத்தியோகம் ஒன்று இருக்கிறது, அதைத் தனக்குப் பதிலாக ஒரு கனடாக்காரன் பார்க்கிறான் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆனால் தம்பி பரம சாது. ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு ரெஃப்ரியிடம் போய் ஏதோ முணுமுணுப்பான், தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிடுவான். அது நாயம் அண்ணாவுக்குப் போதாது. அதனால் தன் சீட்டிலிருந்தே அவனுக்கு டப்பிங் கொடுப்பார். தம்பி அங்கே உதட்டை அசைக்க, இங்கே, "ஏனுங், அவன் கோலை விட்டுக் காலை வாருனது உங்க கண்ணுல படலீங்களா? கண்ணாடி வேணும்னா போட்டுக்கங்க. நானும் புள்ளகுட்டிக்காரன், பொய் சொல்ல மாட்டேன்" என்று முழங்குவார். தம்பிக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. சுற்றியிருந்த அமெரிக்கர்கள் இதை ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக அமைதி காத்தார்கள்.

பிரார்த்தனையும் இல்லாமல் இல்லை. கேப்டன் ஆன முதல் வருடமே தம்பிக்கு முழங்கால் போனது. அடுத்து தோள்பட்டை. கால் எலும்பில் விரிசலோடு ஒரு மாதம் விளையாடினான். கிரிக்கெட்டில் விரல் சுளுக்கினாலே மூன்று மேட்ச் உட்கார்ந்துகொள்வார்களே, இங்கே உதடு கிழிந்தால் தையல் போட்டுக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பி வருகிறான். "யாருமே கேக்க மாட்டாங்களா?" என்று நாயம் அண்ணா கொதித்தார். கொதித்தவர் நேராகக் கோயிலுக்குப் போய்விட்டார்.

அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம், கோத்திரம் வேண்டுமே. டிவியில் தம்பியின் அம்மா ஒரு பேட்டி கொடுத்திருந்தார். "ராத்திரி ஒன்பதரை மணிக்குப் பிறந்தான், பனிப்புயல், டிராக்டரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்" என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்க, நாயம் அண்ணா டிஷ்யூ பேப்பரில் நேரத்தைக் குறித்துக்கொண்டார். மனப்பாடமாக இருந்த பிறந்த தேதியோடு சேர்த்துச் செல்போன் ஜாதக ஆப்பில் போட்டார். கேட்டை, விருச்சிக ராசி. கோத்திரம் தெரியாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது சிவ கோத்திரம். அன்றிலிருந்து சொந்த மைதானத்தில் ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால், "கேட்டை நக்ஷத்ரே, விருச்சிக ராசௌ ஜாதஸ்ய, வெஸ்லி நாமதேயஸ்ய" என்று குருக்கள் கணீரென்று சொல்வார். ஒரு வருடம் இல்லை, இரண்டு வருடம் இல்லை. பதினோரு வருடம்.

இந்தப் பதினோரு வருடத்தில் தம்பிக்குத் தாடை இரண்டு முறை உடைந்தது. கோப்பையைத் தொடும் தூரம் வரை மூன்று முறை போய், மூன்று முறையும் வெறுங்கையோடு வந்தான். இவ்வளவு அர்ச்சனை கேட்டும் சாமி ஏன் இரங்கவில்லை என்பதற்கான காரணம் ஒரு சனிக்கிழமை காலை கோயில் வாசலில் எனக்குக் கிடைத்தது. என் மகளுக்கு நட்சத்திரம் பார்க்க அவர் போனை வாங்கினேன். தம்பியின் ஜாதகம் திறந்தபடியே இருந்தது. கண் தன்பாட்டில் மேலே போனது. பிறந்த இடம்: ஈரோடு.

"அண்ணா, ஊர் மாத்தலையா நீங்க?"

"எந்த ஊருங்க?"

"ஈரோடுன்னு இருக்கு. உங்க ஜாதகத்துல இருந்து ஆப் தானா எடுத்துப் போட்டுக்கிட்டது. கனடாவுல ராத்திரி ஒன்பதரைன்னா நம்ம ஊர்ல மறுநாள் காலை ஆயிடுமே. அது கேட்டை இல்லண்ணா." மாற்றிப் போட்டேன். "மூலம்."

ஒன்றை மறந்துவிடாதீர்கள். நாங்கள் செய்வது காலண்டர் மென்பொருள். டைம் ஜோனில் கோட்டை விட்ட பையன்களை இந்த மனிதர் நிற்க வைத்துக் கேட்ட கேள்விகளில் ஒருவன் வேலையை விட்டுவிட்டு எம்.பி.ஏ. படிக்கப் போனான். அப்பேர்ப்பட்டவர் இப்போது கோயில் செருப்பு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயோ பாவம் என்று நான் உருகுவதற்குள் முகம் சிவந்துவிட்டது. "பதினோரு வருஷம் கழிச்சுச் சொல்றீங்களே அம்மிணி! நீங்க டெஸ்டர்தானுங்களே?" அதற்குள் இன்னொரு விஷயம் உறைத்து, குரல் இன்னும் ஏறியது. "அப்ப அத்தன அர்ச்சனையும் எங்க போச்சுங்க? எந்த ஊர்லயோ கேட்டை நட்சத்திரத்துல இன்னொரு வெஸ்லி இருந்துக்கிட்டு, பல்லு ஒண்ணு ஆடாம, சொந்த வீடு வாங்கி சௌக்கியமா இருக்கானுங்க!"

நேராகக் குருக்களிடம் போனார். பழையதை எல்லாம் மூலத்துக்கு மாற்றிவிட முடியுமா என்று கேட்டார். குருக்கள் கும்பகோணத்துக்காரர், ஆனால் இத்தனை வருடமாக இன்ஜினீயர்களுக்கே அர்ச்சனை பண்ணிப் பழகியவர். "சார், இதுல பண்ணினதைத் திருப்பி எடுக்கற ரோல்பேக் எல்லாம் கெடையாது. ஸ்வாமிக்குத் தெரியாதா யாருக்குன்னு?" என்றார்.

"தெரிஞ்சிருந்தா தாடை எப்படிங் சாமி ரெண்டு தடவை ஒடையும்?"

குருக்கள் மணியை எடுத்து வேகமாக ஆட்டத் தொடங்கிவிட்டார்.

உடனே மூலத்துக்கு ஓர் அர்ச்சனை நடந்தது. சரியான நட்சத்திரத்துக்கு நடந்த முதல் அர்ச்சனை. நான்காவது நாள் செய்தி வந்தது: தம்பி இனிமேல் கேப்டன் இல்லை. C எழுத்து ஓர் இளவட்டத்தின் சட்டைக்குப் போய்விட்டது. தம்பிக்கு வயது முப்பத்தாறு, வேறு அணிக்கு அனுப்பிவிடப் போகிறார்கள், அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் மார்ச் மாதக் கெடுவுக்குள் நடந்துவிடும் என்றும் பேசிக்கொண்டார்கள்.

நாயம் அண்ணா ஆபீஸுக்கு லீவு போட்டார். பதினேழு வருடத்தில் முதல் லீவு. "ஒடம்பு பூராத் தையல் போட்டுக்கிட்டு ஒழச்சவனை, வயசாச்சுன்னு சொல்லி எழுத்தைப் புடுங்கிட்டு வேற ஊருக்கு அனுப்புவானுங்களா? எங்க வெளையாட ஆரம்பிச்சானோ அங்கதானுங்க முடிக்கணும். அதை நடத்திக் காட்டாம நான் ஒக்கார மாட்டேன்" என்று போனில் கத்தினார். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஹாக்கி கிடக்கட்டும், எங்கள் கம்பெனியில் ஐம்பது தாண்டியவர்களை அந்த மாதம்தான் கொத்தாக வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

முதலில் கையெழுத்து வேட்டை. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் மேஜை போட்டார். ஜனங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். எனக்கே ஆச்சரியம், தமிழனுக்கு ஹாக்கியில் இவ்வளவு ஈடுபாடா என்று. வடைத் தட்டோடு வந்த ஓர் அங்கிள், கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதுல இந்த வருஷமாவது கியூ கொஞ்சம் நகருமா சார்?" என்றார்.

"எந்தக் கியூங்க?"

"கிரீன் கார்டு சார். அதுக்குத்தானே இது?"

ஹாக்கி என்று தெரிந்ததும் அந்த அங்கிள் தன் பெயரை அடித்துவிட்டுப் போனார். "அவனவனுக்குன்னா மட்டும் ஓடி ஓடிப் போடுவானுங்க" என்று நாயம் அண்ணா விழா முடியும் வரை பொருமினார். பொங்கலைத் தொடவே இல்லை.

அடுத்தது தட்டி பிடிப்பது. இந்தியன் ஸ்டோரில் மாம்பழ அட்டைப்பெட்டி வாங்கி, பிரித்து, பின்பக்கம் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதினார்: 'கேப்டனை அனுப்புவது நாயமா?' மத்தியான மேட்ச் அன்று அரங்க வாசலில் தூக்கிக்கொண்டு நின்றார். அவர் மகள் இங்கேயே பிறந்தவள். தமிழ் எல்லாம் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, நோபடி கேன் ரீட் திஸ்!"

"எனக்குக் கோவம் இங்கிலீஷ்ல வர மாட்டேங்குது கண்ணு. நான் என்ன பண்றது?"

செக்யூரிட்டிப் பெண் வந்தாள், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். முக்கால் மணி நேரம் சொன்னார். கோதுமை வயல், டிராக்டர், தாடை, கேட்டை, மூலம், ஒன்றையும் விடவில்லை. அந்தப் பெண் கடைசியில் பெருமூச்சு விட்டு, அவர் நிற்பதற்கு நிழலான இடமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போனாள். எட்டு மேட்சுக்கு அப்படி நின்றார்.

மார்ச் கெடு நாளில் தம்பி போய்விட்டான். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இன்னோர் அணிக்கு. ஆபீஸ் மீட்டிங் ரூமில் பெரிய திரையில் அவன் கடைசிப் பேட்டியை ஓடவிட்டோம். நாயம் அண்ணா முன் வரிசை. தம்பி ஓட்டைப் பல்லோடு சொன்னான்: "என்னை யாரும் அனுப்பவில்லை. நான்தான் கேட்டேன். அந்த அணிக்கு இந்த வருடம் கோப்பை வாய்ப்பு இருக்கிறது. கேப்டன் பதவியையும் நானே திருப்பிக் கொடுத்தேன், சின்னவன் பழகிக்கொள்ளட்டும் என்று. இந்த ஊர் என்னை நன்றாகவே பார்த்துக்கொண்டது."

இப்போது வெடிக்கும், இப்போது வெடிக்கும் என்று காத்திருந்தோம். "அவனேவா கேட்டான்?" என்றார். லேப்டாப்பை மூடினார். வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் மூன்று வாரம் ஆபீஸில் நாயம் என்ற சொல்லே கேட்கவில்லை. மீட்டிங் ரூமை வேறு டீம் பிடித்து வைத்திருந்தால், சரி என்று திரும்பி நடந்தார். காபி மெஷினில் ஒருவன் வரிசை தாண்டிப் போனான், பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குத் தம்பி மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஏண்டா படவா, உனக்காக ஒரு மனுஷன் பதினோரு வருடம் தேங்காய் உடைத்திருக்கிறார், மாம்பழப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார், நீ பாட்டுக்கு நான்தான் கேட்டேன் என்கிறாய். கோப்பையாம் கோப்பை. அந்த வருடம் அவர்களுக்கும் கிடைக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அதில் அன்று பரம திருப்தி.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அந்தப் புது அணி எங்கள் ஊருக்கே விளையாட வந்தது. விட்டுப் போனவனைக் கூட்டம் வாய்விட்டு ஊளையிட்டு அவமானப்படுத்துவது இந்த விளையாட்டில் வழக்கமாம். அதைக் கேட்டாலாவது இவர் மனது ஆறும் என்று நான்தான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். தம்பி வேற்றுச் சட்டையில் ஐஸுக்குள் வந்தான். நல்ல கைதட்டல் எழுந்தது. ஆனால் எங்கள் பகுதியில் பத்துப் பதினைந்து பேர் ஊளையிட ஆரம்பித்தார்கள். நானும் இரண்டு கையையும் வாயருகே குவித்து, மூன்று வார ஆத்திரத்தையும் சேர்த்து, "ஊஊஊ" என்று ஊளையிட்டேன்.

"நிறுத்துங்க அம்மிணி!"

திரும்பிப் பார்த்தேன். நாயம் அண்ணா எழுந்து நின்றிருந்தார்.

"அவன் என்னுங்க திருடுனானா? பொழப்புக்கு ஊரு மாறிப் போனான். நாம போகலியா? நான் கெளம்புன அன்னிக்கு எங்கப்பா, இருடா கண்ணு, காடு தோட்டத்தைப் பாத்துக்கோன்னு மூணு நாளாக் கேட்டவரு. பஸ்ஸு எடுக்கறப்ப என்ன பண்ணுனாருங்கறீங்க? ஊளையா விட்டாரு? பையத் தூக்கி மேல வச்சுப்போட்டு, ஜன்னலோரம் ஒக்காருன்னாருங்க. வீட்டுக்கு வந்த புள்ளையப் பாத்து ஊளையிடறீங்களே, உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்லீங்களா?"

கடைசி வரி முன் வரிசைக்கு, பின் வரிசைக்கு, பக்கவாட்டில் இருந்த எல்லா வரிசைக்கும் சேர்த்து. பீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதர், ஒரு வார்த்தை புரியாமலே, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் பகுதியில் ஊளை நின்றது. நாயம் அண்ணா உட்காரவில்லை. மற்றவர்கள் எல்லாம் ஓய்ந்து, ஆட்டம் தொடங்கின பிறகும் நின்றபடியே கைதட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவதும் கடைசியுமான பீரியடில் வட்டை எங்கள் அணியின் வலைக்குள்ளேயே அடித்து, தம்பி எங்களைத் தோற்கடித்துவிட்டான். அரங்கம் காலியாகத் தொடங்கியது. தம்பி ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வை வழிய, கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாக ஒரு தடவை கோலைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனான். நாயம் அண்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம டீம் தோத்துடுச்சுண்ணா" என்றேன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"அது கெடக்குதுங்க. மொகத்தைப் பாத்தீங்களா அம்மிணி? எளச்சுப் போயிட்டானுங்க. அங்க சாப்பாடு ஒத்துக்கலையாட்டம் இருக்குது."

ஆறடி நான்கங்குலம், நூறு கிலோவுக்குக் குறையாத தாடிக்காரன். ஆனால் அன்று அவர் பக்கத்தில் நின்று பார்த்தபோது, பையன் கொஞ்சம் இளைத்துத்தான் போயிருந்தான் என்று எனக்கும் பட்டது.